ஐந்தாம் பெட்டியில் ஏழு வடை

ஸ்ரிபனுக்கு வலது தோள் கழன்று விழப்போகிற மாதிரி இருந்தது. வயிறு எப்போதோ விழுந்துவிட்டது. காலை ஆறு மணியிலிருந்து பகல் இரண்டு மணி வரை குளிர் உறைகளஞ்சியத்தில் இருபது கிலோப் பெட்டிகளை இறக்கி ஏற்றியவனுக்கு உலகத்தில் வேண்டியது இரண்டே சாமான்தான்: சாப்பாடு, கட்டில். அன்றைக்கு இரண்டுமே கிடைக்கவில்லை. சாப்பாட்டைத் தடுத்தவர் பாஸ்டர். வியாழக்கிழமை, மாலை ஆறு மணி வரை உபவாசம். கட்டிலைத் தடுத்தவள், களஞ்சிய வாசலில் நீலக் காருக்குள் இருந்து ஹோர்னை அமத்திப் பிடித்துக்கொண்டிருந்த அமலராணி.

டேனிஷ் ஊரான இக்காஸ்டின் தமிழாக்களுக்கு எது தொலைந்தாலும் அமலராணி வீட்டு மணிதான் முதலில் அடிக்கும். இருபத்திரண்டு வருஷமாக முதியோர் இல்லத்தில் கிழடுகளைத் தூக்கிக் குளிப்பாட்டுகிறவள். பல்செட், காதுக்கருவி, கலியாண மோதிரம் என்று அவர்கள் ஒளித்துவைத்து மறந்ததையெல்லாம் தலையணை உறைக்குள்ளும் பூச்சாடிக்குள்ளும் தேடி எடுத்துப் பழகிய கை. மூன்று வருஷத்துக்கு முன் ஸ்ரிபனின் களவுபோன காரையும் அவள்தான் கண்டுபிடித்துக் கொடுத்தாள். அது அவன் நிறுத்திய இடத்திலேயே நின்றது. அன்றிலிருந்து அவன் அவளுக்கு உதவியாள்.

"ஏறும், ஏறும்," என்றாள் அமலராணி. "ஆறு மணிக்கிடையிலை ஒரு பிஸ்ரல் கண்டுபிடிக்கோணும்."

"அக்கா, ஆறு மணிக்கு நான் கண்டுபிடிக்கப் போறது ஒரு நீத்துப்பெட்டி பிட்டு. வேறை ஒண்டும் இல்லை."

"இதை மடியிலை வைச்சிரும். திறக்கக் கூடாது."

கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று. சப்பாத்துப் பெட்டியில் பாதி அளவு. மடியில் வைத்த மறுநொடி ஸ்ரிபனின் மூக்கு தானாக விரிந்தது. உழுந்து வடை! ஆறினாலும் உழுந்து வடைதான்.

"உபவாசக்காரன்ரை மடியிலை வடையை வைக்கிறியள். இது சாத்தான் செய்யிற வேலை, அக்கா."

"அது சாட்சியம். ஏழு இருக்கு. எண்ணித்தான் வைச்சிருக்கிறன்."

பின் சீட்டில் ஒரு பெண் இருந்தாள். இருபத்துமூன்று வயது, நெட்டை, நிமிர்ந்த முதுகு. கண் மட்டும் அழுது வீங்கியிருந்தது. பஸ் சாரதி நவரத்தினத்தின் மகள் சாரங்கி.

"நீரே சொல்லும் பிள்ளை, இவருக்கும் விளங்கட்டும்," என்றாள் அமலராணி.

சாரங்கி சொன்னாள். மூன்று வருஷமாக இக்காஸ்ட் சுடும் கழகத்தில் அவள் உறுப்பினர். நேற்று மாலை புது ஆட்களுக்கான நாள். எந்தக் கைத்துப்பாக்கி எவர் கைக்குப் பொருந்தும் என்று பார்க்க ஐந்து துப்பாக்கிகளை மேசையில் வைத்தாள். கோப்பி நேரம் வந்ததும் ஐந்தையும் அதனதன் பெட்டியில் போட்டு மூடிவிட்டுக் கோப்பி ஊற்றப் போனாள். முடிந்ததும் ஐந்து பெட்டிகளையும் தூக்கி இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்டிக் கையெழுத்தும் போட்டாள். இன்று காலை கழகத் தலைவர் துடைப்பதற்காகத் திறந்திருக்கிறார். நாலு பெட்டியில் நாலு துப்பாக்கி. ஐந்தாவதில், கடதாசித் துவாயில் சுற்றி, ஏழு வடை.

"தோட்டா?" என்றான் ஸ்ரிபன்.

"அது வேறை அலுமாரி அங்கிள். ஒண்டும் குறையேல்லை. ஆனா கையெழுத்து என்ரை." அவள் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு முன்னுக்கு வந்தாள். "திங்கக்கிழமை எனக்குப் பொலிஸ் பள்ளிக்கூடம் தொடங்குது. கடிதம் வந்திட்டுது. துவக்குத் துலைச்ச ஆளை அவங்கள் வாசலுக்குள்ளையும் விடமாட்டாங்கள்."

"வடை ஆற்றை?"

"அம்மான்ரை. கோப்பிக்கு எண்டு எல்லாருக்கும் கொண்டுவந்தவ. அறுபது வடை. ஆர் வேணுமெண்டாலும் எடுத்திருக்கலாம்."

"கள்ளன் கெட்டிக்காரன்," என்றாள் அமலராணி. "பெட்டி பாரமில்லாமல் இருந்தால் பிள்ளை தூக்கேக்கை பிடிச்சிடும். அதுக்குத்தான் பிஸ்ரலின்ரை பாரத்துக்கு வடை வைச்சிருக்கிறான்."

"அப்பிடியெண்டா கள்ளனுக்கு உழுந்து வடையின்ரை நிறை தெரியும்," என்றான் ஸ்ரிபன். "எங்கடை ஆள்தான்."

கழகத்தின் தலைவர் பிரெபென் எழுபது வயதுக்காரர். கல் அடுக்கி வீடு கட்டிய கை. மண்வெட்டி மாதிரி அகலம். கோபத்தில் இருந்தாலும் கோப்பி ஊற்றினார். ஸ்ரிபன் கைகூப்பி மறுத்தான். பிறகு பிரெபென், டேனிஷ்காரர் விளக்கம் சொல்லத் தொடங்கினால் எப்படிச் சொல்வார்களோ அப்படி, அடியிலிருந்து நுனி வரை சொல்லத் தொடங்கினார்.

"இதைத் தூக்கிப் பார்." அமலராணியின் கையில் வெறும் துப்பாக்கி ஒன்றை வைத்தார். "பாரம் இருக்கிறதா? அந்தப் பாரம்தான் கையை அசையாமல் வைத்திருக்கும். குழல் நீளம். முழுக் கையும் பிடிக்க இடம். சுடத் தெரிந்தவன் இதைத்தான் எடுப்பான். திருடி விற்கிறவனும் இதைத்தான் எடுப்பான். இதை விட்டுவிட்டு அந்தப் பொம்மையை எடுத்திருக்கிறான்!"

"பொம்மையோ?"

"இருபத்திரண்டு கலிபர். நான் பையனாக இருந்தபோது தயாரான சாமான். குழல் என் நடுவிரல் அளவு. பிடியில் மூன்று விரல்தான் அடங்கும், சின்ன விரல் வெளியே தொங்கும். பாரம் இல்லை, அதனால் கை நடுங்கினால் அதுவும் நடுங்கும். தூரத்தில் நிற்கிற மாட்டைச் சுட்டால் மாடு திரும்பிப் பார்க்கும், கோபம்கூட வராது. சின்னக் கைக்காரர் பழகட்டும் என்று வைத்திருக்கிறோம்."

"அதிலை ஒரு நன்மையும் இல்லையோ?" என்றாள் அமலராணி.

"ஒன்றே ஒன்று. உடுப்புக்குள் வைத்தால் வெளியே தெரியாது. ஆனால் இந்த நாட்டில் உடுப்புக்குள் வைத்துக்கொண்டு திரிய உனக்கும் அனுமதி இல்லை, எனக்கும் இல்லை. அப்போது அந்த நன்மையால் என்ன நன்மை?"

அமலராணி ஸ்ரிபனைப் பார்த்தாள். ஸ்ரிபன் வடைப் பெட்டியைப் பார்த்தான்.

"நேற்று ஆராவது ஒளிக்கிறதைப் பற்றி விசாரிச்சவையோ?" என்றாள் அமலராணி.

"ஒருவர். உங்கள் ஆள். கழுத்தில் நாய்ச் சங்கிலி தடிமனில் தங்கச் சங்கிலி. எது இடுப்பில் தெரியாமல் இருக்கும் என்று மூன்று தரம் கேட்டார்."

"அன்புராஜா அண்ணை!" என்று சாரங்கியும் ஸ்ரிபனும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

பிரெபென் சுவர் மணிக்கூட்டைக் காட்டினார். "ஆறு மணிக்கு நிர்வாகக் கூட்டம். அதுவரை வாய் திறக்க மாட்டேன், ஏனென்றால் பெட்டிகளை மேசையில் தனியாக விட்டதில் எனக்கும் பங்கு இருக்கிறது. ஆறு மணி ஒரு நிமிஷத்துக்குப் பொலிசைக் கூப்பிடுவேன். பூட்டியது யார் என்று கேட்பார்கள். பெண்ணே, நான் பொய் சொல்ல மாட்டேன்."

சாரங்கியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வைலேப் பக்கம் கார் பறந்தது.

அன்புராஜா நகை வியாபாரி. வைலே, ரண்டர்ஸ், இக்காஸ்ட் என்று வீடு வீடாகப் போய்த் தாலிக்கொடியும் காப்பும் காட்டுகிறவர். வியாழக்கிழமைகளில் வைலேயில் ஒரு தமிழ்க் கடையின் பின்னறையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே இருப்பார். அன்றும் இருந்தார். வலது இடுப்பில், சேட்டுக்கு உள்ளே, கைமுட்டி அளவில் ஒரு புடைப்பும் இருந்தது.

அமலராணி கண்ணைக் காட்டினாள். ஸ்ரிபனுக்கு அது போதும்.

"அண்ணை! எவ்வளவு காலம் கண்டு!" என்று பாய்ந்து அவரைக் கட்டிப்பிடித்தான். கட்டிப்பிடித்த சாட்டில் புடைப்பை அமத்தினான்.

வானம் பிளந்தது. கடைக்குள் நூறு பூனைகளின் வாலை ஒரே நேரத்தில் மிதித்த மாதிரி ஒரு கூச்சல். முன்கடையில் ஒரு பெண்மணி முட்டைத் தட்டைப் போட்டாள். அன்புராஜா சேட்டைத் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடினார்.

"பிடுங்கினதைத் திருப்பிச் செருகடா! ஊசியைச் செருகு!"

"எந்த ஊசி அண்ணை?"

"நீ கழட்டின ஊசி!"

ஊசி அரிசிக்குள் விழுந்துவிட்டது. கடைசியில் அமலராணி அவர் இடுப்பிலிருந்து அந்தச் சாமானைக் கழற்றிச் சம்பா மூட்டைக்குள் முழங்கை வரை புதைத்தாள். கூச்சல் மூட்டைக்குள் முனகலாக மாறிற்று. அது ஓர் அபாய மணி. கள்ளன் வந்தால் ஊசியை இழுத்துவிட்டுக் கத்த வைக்கிற வகை.

"அந்தக் கிழவன் சொன்னது," என்றார் அன்புராஜா மூச்சு வாங்கிக்கொண்டு. "தங்கத்தோடை திரியிறன், பயமாக் கிடக்கு, சின்ன பிஸ்ரல் ஒண்டு இடுப்பிலை வைக்கலாமோ எண்டு கேட்டன். வைச்சாப் பொலிஸ் பிடிச்சு மறியலிலை போடும், உனக்குத் தேவை சத்தம், போய் மணி வாங்கு எண்டான். இண்டைக்குக் காலமைதான் வாங்கினன். முதல் கள்ளன் நீ."

"நான் கள்ளன் இல்லை அண்ணை, பட்டினி," என்றான் ஸ்ரிபன்.

"நேற்று எல்லாத்தையும் தூக்கிப் பாத்தனீங்களோ?" என்றாள் அமலராணி.

"தொடவே இல்லை. நெஞ்சு படபடத்தது. சாரங்கியின்ரை அம்மா சுசீலாதேவி அக்காதான் மேசையை விட்டு அசையேல்லை. ஒவ்வொண்டையும் சாணாலை அளந்து பாத்துக்கொண்டு நிண்டவ. பிள்ளையிலை அவ்வளவு பாசம் எண்டு நினைச்சன். நான் ஆறு வடை திண்டன், அவ்வளவுதான். அதுவும் வெங்காயம் கூடப்போட்ட வடை. இரவு முழுக்க ஏவறை."

அமலராணி வாசல்படியில் ஒரு காலும் வீதியில் ஒரு காலுமாக நின்றுவிட்டாள். "வெங்காயமோ?"

"கடிச்ச இடமெல்லாம் வெங்காயம்."

காருக்குள் ஏறிக் கதவை அடித்தாள். "ஸ்ரிபன், பெட்டியைத் திறவும். ஒண்டை உடைச்சு மணந்து பாரும். தின்னாதையும்."

"அக்கா, பாஸ்டருக்கு நீங்கள்தான் மறுமொழி சொல்லோணும்."

"விடியத் தொடக்கம் பட்டினி கிடந்த மூக்கைப்போல நல்ல கருவி ஒரு பொலிசிட்டையும் இல்லை. மணவும்!"

ஸ்ரிபன் கண்ணை மூடினான். வடையின் இரண்டு பாதிகளுக்கும் நடுவே மூக்கை வைத்தான். வேதாகமம் வாசிக்கிற பயபக்தி முகத்தில் வந்தது. "மிளகு. இஞ்சி. கறிவேப்பிலை, ஃப்ரீசரிலை வைச்சது. பெருஞ்சீரகம் கொஞ்சம்." கண்ணைத் திறந்தான். "வெங்காயம் இல்லை."

"இல்லை! அப்ப நேற்று ரெண்டு வகை வடை வந்திருக்கு. ஊராக்களுக்கு வெங்காய வடை. மற்றது ஆருக்கு? இந்த ஒன்பது நாளும் வெங்காயம் வாயிலை வைக்காத ஆளுக்கு. நவராத்திரி விரதக்காரிக்கு. கோப்பி ஊத்தித் தானும் ரெண்டு கடிக்க எண்டு, மூண்டடுக்குப் பாத்திரத்திலை ஒரு அடுக்கிலை வேறையாக் கொண்டுவந்திருப்பா."

"சரி. அவவின்ரை அடுக்கு வடை ஏன் பிஸ்ரல் பெட்டிக்குள்ளை?"

"அடுக்கு வெறுமையாக வேணும் எண்டதாலை."

ஸ்ரிபனின் வாய் திறந்தது. "அடுக்குக்குள்ளை பிஸ்ரல்!"

"அதுக்குத்தான் சாணாலை அளந்தவ. கிழவன் பாரம், குழல், கலிபர் எண்டு பாட்டுப் படிச்சுது. தெரிஞ்செடுத்த ஆள் அதொண்டும் பாக்கேல்லை. பாத்திரத்துக்குள்ளை எது அடங்கும் எண்டு பாத்தவ." அமலராணி கியரைப் போட்டாள். "நல்லதை விட்டிட்டுச் சொத்தியை எடுத்ததுக்குக் காரணம் அதுதான். நானும் ஒரு கொலைகாரனைத் தேடினன்!"

"ஏன் எடுத்தவ? ஆரைச் சுட?"

"இண்டைக்கு நவராத்திரியிலை எத்தினையாம் நாள்?"

"நான் பெந்தெகொஸ்தேக்காரன் அக்கா. எனக்கு இண்டைக்குப் பட்டினி நாள்."

"ஒன்பதாம் நாள். போவம்."

இக்காஸ்டில் நவரத்தினத்தின் வீட்டுக் கதவு திறந்ததும் சாம்பிராணிப் புகை முகத்தில் அடித்தது. மணி நாலு ஐம்பது. சாரங்கி விறைத்துப்போய் நின்றாள். நவரத்தினம் பஸ் உடுப்போடு கதிரையில் இருந்தார். பின்னேர வேலைக்கு ஆறரைக்குப் போகவேண்டும். சுசீலாதேவி குசினியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்தைந்து வயது. பகலில் பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு அறை கூட்டித் துடைக்கிற பெண். கைவிரல் மூட்டுக்கள் சோப்புத் தண்ணீரில் வெடித்துப்போய் இருந்தன.

முன்னறையின் மூலையில் கும்பம். கும்பத்துக்கு முன்னால் பட்டுத்துணி விரித்து அதன்மேல் வீட்டின் தொழில்கள் எல்லாம் வரிசையாக இருந்தன: நவரத்தினத்தின் பஸ் திறப்புச் சாவி, சாரங்கியின் புத்தகங்கள், தைக்கிற கத்தரிக்கோல், புதிதாய்க் கழுவிய நிலம் துடைக்கிற தடியின் தலை. எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும். புத்தக அடுக்கு ஒரு பக்கம் சரிந்து, அடியில் எதுவோ கிடக்கிற மாதிரி மேடாக நின்றது.

அமலராணி முதலில் அங்கே போகவில்லை. குசினித் தட்டில் காய்ந்துகொண்டிருந்த மூன்றடுக்குப் பாத்திரத்தின் நடு அடுக்கை எடுத்துத் தன் சாணை அதற்குள் விரித்தாள்.

"நாலு விரல் குறைய ஒரு சாண்," என்றாள். "வடிவா அடங்கியிருக்கும், என்ன சுசீலாக்கா?"

கரண்டி நின்றது. சுசீலாதேவி திரும்பினாள். முகத்தில் பயம் ஒரு துளியும் இல்லை. பிடிபட்ட பெருமைதான் இருந்தது.

"மற்றதெல்லாம் நீட்டம் அமலராணி. மூடி பூட்டாது."

"அம்மா!" சாரங்கி கத்திய கத்தலில் அன்புராஜாவின் மணி தோற்றது.

"என்ன அம்மா? அப்பாவுக்குப் பஸ் திறப்பு வைச்சன். எனக்குத் தடி வைச்சன். உன்ரை ஆயுதம் எங்கை? திங்கக்கிழமை பொலிசுக்குப் போற பிள்ளைக்கு ஆயுத பூசையிலை ஆயுதம் இல்லாட்டி அது என்ன பூசை? உன்னட்டைக் கேட்டன், ஒருநாளைக்குக் கொண்டுவா எண்டு. சட்டம் எண்டாய். சட்டம் உனக்குத்தானே. நான் இரவலா எடுத்தன். வாற புதன் வடையோடை திருப்பிக் குடுத்திருப்பன்."

"பெட்டிக்குள்ளை பாரத்துக்கு வடை வைச்சு எல்லாரையும் ஏமாத்தினியளே அக்கா," என்றாள் அமலராணி. தன் கணக்கு சரிவந்த திருப்தி குரலில் இருந்தது.

சுசீலாதேவிக்குக் கோபம் வந்தது. "ஏமாத்தவோ? ஒரு வீட்டுப் பாத்திரத்திலை இருந்து சாமான் எடுத்தா வெறும் பாத்திரமாத் திருப்பி வைக்கிறதோ? எங்கை வளந்தனீங்கள் நீங்கள்? ஒண்டும் இல்லாட்டி ஒரு பிடி சீனியாவது போட்டுக் குடுக்கிறேல்லையே? என்னட்டை வடை இருந்தது, வைச்சன்!"

ஸ்ரிபன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பசியில் சிரித்ததால் கண்ணீர் வந்தது. "அக்கா, கள்ளன் கெட்டிக்காரன் இல்லை. மரியாதைக்காரன்!" இருபத்திரண்டு வருஷத்தில் அமலராணியின் கணக்கு இப்படிப் பிழைத்தது அன்றுதான்.

"இப்ப எடுத்தா அஞ்சு நிமிஷத்திலை கழகத்திலை," என்றான் ஸ்ரிபன். "கிழவன் கோப்பிக்குத் திரும்பேக்கை நைசாப் பெட்டிக்குள்ளை வைச்சிடுவம். ஒருதருக்கும் தெரியாது."

"இல்லை அங்கிள்." சாரங்கி கண்ணைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தாள். "றோட்டிலை அதைக் கொண்டுபோக எனக்கு அனுமதிக் கடிதம் இல்லை. அது இன்னொரு பிழை. பொலிசாப் போறவள் பொய்யோடை போகேலாது." அவள் பிரெபெனுக்கு டேனிஷில் எல்லாவற்றையும் சொன்னாள். சாமான் எங்கே இருக்கிறது, எடுத்தது யார், தான் பார்க்காமல் பூட்டியது, எல்லாம். ஒன்றையும் விடவில்லை. மறுபக்கத்தில், "வருகிறேன்," என்று மட்டும் கேட்டது.

ஐந்து பத்துக்குப் பிரெபென் வந்தார். சப்பாத்தைக் கழற்றினார். கும்பத்தைப் பார்த்தார், பஸ் திறப்பைப் பார்த்தார், தடியின் தலையைப் பார்த்தார். புத்தகங்களை நோக்கிக் கையை நீட்டினார். சுசீலாதேவி குறுக்கே பாய்ந்தாள்.

"தொடப்படாது! நவமியிலை வைச்சதைத் தசமி பிறக்காமல் எடுக்கப்படாது. எடுத்தா வித்தை போயிடும். நாளைக்கு விடியத்தான்!"

"ஆறு மணிக்குக் கூட்டம்!" என்றார் பிரெபென். "நாளைக்கு விடிய என்றால் பொலிஸ்தான்!"

"அம்மா, ப்ளீஸ்..."

"உனக்காகத்தான் சொல்லுறன்! வித்தை போனா நீ என்ன பொலிஸ்?"

எல்லோரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். பிரெபென் டேனிஷில், சுசீலாதேவி தமிழில், சாரங்கி இரண்டிலும். ஸ்ரிபன், "நான் அல்லேலூயா ஆள், என்னை ஒண்டும் செய்யாது, நான் எடுக்கிறன்," என்று முன்னுக்கு வந்து நவரத்தினத்தின் ஒரு பார்வையில் பின்னுக்குப் போனான். அமலராணி மட்டும் குசினிச் சுவரில் தொங்கிய கலண்டருக்கு முன்னால் நின்றாள். யாழ்ப்பாணத்தில் அச்சடித்தது, யாரோ வருஷாவருஷம் கொண்டுவந்து கொடுக்கிறது.

"சுசீலாக்கா, தசமி எத்தினை மணிக்குப் பிறக்குது?"

"அதிலை போட்டிருக்கு. இரவு ஒன்பது ரெண்டு."

"எந்த ஊர் ஒன்பது ரெண்டு?"

சுசீலாதேவி கலண்டருக்குக் கிட்ட வந்து பார்த்தாள்.

"எங்கடை இல்லத்திலை ஒரு தமிழ் அப்பு இருந்தவர்," என்றாள் அமலராணி. "ஏகாதசி முடியிற நேரத்தை இந்தக் கலண்டரிலை பாத்து, மூண்டரை மணித்தியாலம் கூடப் பட்டினி கிடந்து மயங்கி விழுந்தவர். அண்டைக்குப் படிச்சன். இது யாழ்ப்பாண மணி. திதி எல்லா ஊருக்கும் ஒரே நேரத்திலைதான் மாறும். அங்கை ஒன்பது ரெண்டு எண்டா இஞ்சை அஞ்சு முப்பத்திரண்டு. இவ்வளவு காலமும் நீங்கள் மூண்டரை மணித்தியாலம் பிந்தித்தான் எல்லாம் செய்திருக்கிறியள்."

அந்த அறையில் அதுவரை பேசாமல் இருந்தவர் நவரத்தினம். இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டினவர். எழும்பி நின்றார்.

"போட்ட நேரம் எண்டால் போட்ட நேரம். அஞ்சு முப்பத்திரண்டு."

சாரங்கி அதைப் பிரெபெனுக்கு மொழிபெயர்த்தாள். தசமி என்றால் என்ன என்று அவர் கேட்கவில்லை. நேர அட்டவணை என்ற ஒன்று இருக்கிறது என்பது மட்டும் அவருக்குப் போதும். தலையை ஆட்டிவிட்டு மணிக்கூட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார்.

ஐந்து இருபது. ஐந்து இருபத்தெட்டு. ஒரு கிறிஸ்தவத் துப்பறிவாளர், ஒரு பெந்தெகொஸ்தேப் பட்டினிக்காரன், ஒரு டேனிஷ் கல்லடுக்கி, ஒரு பஸ் சாரதி, ஒரு தாய், ஒரு மகள் எல்லோரும் கும்பத்தைப் பார்த்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சுண்டல் வாசனை ஸ்ரிபனைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"இப்போது!" என்றார் பிரெபென்.

சாரங்கி சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிவிட்டுப் புத்தகங்களை எடுத்தாள். அடியில், மஞ்சள் துணியில் சுற்றி, அந்தக் குட்டித் துப்பாக்கி கிடந்தது. குழலின் மேல் ஒரு சந்தனப் பொட்டு. பிடியில் ஒரு குங்குமப் பொட்டு. அவள் குழல்வாயை நிலத்துக்குக் காட்டிப் பிடித்துத் திறந்து உள்ளே பார்த்தாள். பிரெபெனும் பார்த்தார். வெறுமை. பெட்டியில் இருந்த வடையை அமலராணி ஒரு தட்டில் கவிழ்க்க, பொட்டோடேயே துப்பாக்கி பெட்டிக்குள் போயிற்று.

"பொறுங்கோ," என்றாள் சுசீலாதேவி. "புத்தகம் எடுத்தால் ஒரு வரி வாசிக்கோணும். திறப்பு எடுத்தால் ஒருக்கா ஸ்ராட் பண்ணோணும். இதை எடுத்தால்..."

சாரங்கி தலையில் கையை வைத்தாள். ஆனாலும் மொழிபெயர்த்தாள். பிரெபெனின் முகம் முதலில் சிவந்தது, பிறகு உதடு துடித்தது, பிறகு அந்தப் பெரிய உடம்பு முழுவதும் குலுங்கியது.

"ஒரே ஒரு தோட்டா," என்றார். "கழகத்தில், என் முன்னால். அந்தப் பொம்மையால் எவராலும் குறியில் சுட முடியாது, ஆகவே ஆபத்தில்லை."

ஐந்து ஐம்பதுக்கு, காதுமூடி மாட்டிக்கொண்டு எல்லோரும் கண்ணாடிக்குப் பின்னால் நின்றார்கள். சாரங்கி சந்தனப் பொட்டுக்கு மேலாகக் குறி பார்த்தாள். சின்ன விரல் பிடிக்க இடமில்லாமல் அந்தரத்தில் நின்றது. டப். சத்தம் ஒரு பப்படம் உடைந்த மாதிரி. குறிப்பலகையின் மூலையில், வட்டங்களுக்கெல்லாம் வெளியே, ஒரு சின்ன ஓட்டை.

"பட்டுது!" என்று கைதட்டினாள் சுசீலாதேவி. "பாத்தியளே, வித்தை போகேல்லை!"

பிரெபென் ஐந்து பெட்டிகளையும் திறந்து பார்த்துப் பூட்டினார். ஆறு மணியாக ஒரு நிமிஷம் இருந்தது. "ஐந்து பெட்டி, ஐந்து துப்பாக்கி," என்றார். "நடந்ததைக் கழகப் புத்தகத்தில் எழுதுவேன், என்னுடைய பிழையையும் சேர்த்து. காணாமல் போனது என்று சொல்ல ஒன்றும் காணாமல் போகவில்லை. திங்கட்கிழமை பள்ளிக்குப் போ, பெண்ணே. நற்சான்றுக் கடிதம் கேட்டால் நான் தருவேன். உன் அம்மா மட்டும் இனிமேல் கோப்பி மேசையைத் தாண்டி வரக்கூடாது."

சுசீலாதேவி அவர் முன்னால் போய் நின்றாள். முப்பத்தொரு வருஷம் டேனிஷ் நிலங்களைத் துடைத்தவள், தனக்குத் தெரிந்த டேனிஷில், சுத்தமாக, தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த வடைத் தட்டையும் அவர் கையில் கொடுத்தாள். அவர் ஒரு வடையை எடுத்துக் கடித்துவிட்டு, நேற்றையதை விட இது நல்லது, வெங்காயம் இல்லை, என்றார்.

மணி ஆறு அடித்தது. ஸ்ரிபன் தட்டின்மேல் பாய்ந்தான். "கர்த்தாவே, சாட்சியத்தை ஆசீர்வதியும்," என்றான். தட்டு வெறுமையாகும் வரை அவன் நிமிரவில்லை.

வாசலில் நின்று சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்த சாரங்கி நிமிர்ந்தாள். காலையிலிருந்து அழுத கண். ஒரு முழு நாள், தன் வாழ்க்கை முடிந்தது என்று நம்பிக் கழித்தவள்.

"அம்மா, எனக்கு?"

"உனக்கு என்ன? உனக்குத்தானே எல்லாம் செய்தனான்," என்று சொல்லிவிட்டு, மகளின் நெற்றியில் ஒட்டியிருந்த குங்குமத்தைப் பெருவிரலால் சரிசெய்தாள் சுசீலாதேவி. பிறகு வெறும் தட்டைக் கழுவக் குழாயைத் தேடிப் போனாள்.

பிரெபெனிடம் கேட்கவேண்டியதைக் கேட்டாயிற்று. மகளிடம் கேட்கவேண்டிய மன்னிப்பு ஒன்று பாக்கி.